வரி கிழித்த கோடு

ஒரு சின்னக் கணக்கில் ஆரம்பிக்கலாம். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அதன் பொருளை விற்கும் கடைகளில் பாதி பெங்களூரில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி. காலையில் லாரி ஏற்றினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடையில் இறக்கிவிடலாம். நடுவில் ஒரு கிடங்கு தேவையா?

தேவையில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். கிடங்கு என்றால் வாடகை, ஆட்கள், காவல், இன்ஷூரன்ஸ், ஒருமுறைக்கு இருமுறை ஏற்றி இறக்கும் கூலி, அதில் உடையும் சரக்கு. 40 கிலோமீட்டருக்கு இதெல்லாம் எதற்கு? ஆனால் 2017-க்கு முன், ஓசூரில் பொருள் செய்து நாடு முழுக்க விற்ற பெரிய கம்பெனிகளின் வழக்கமான விடை வேறு. கர்நாடக எல்லைக்குள் ஒரு டெப்போ இருக்கும். சரக்கு ஓசூரில் கிளம்பி, ஜூஜூவாடி சோதனைச்சாவடியைத் தாண்டி, அத்திப்பள்ளியையும் தாண்டி, பெங்களூர் ஓரத்தில் ஒரு கோடவுனில் இறங்கும். சில நாள் அங்கே கிடக்கும். பிறகு இன்னொரு வண்டியில் ஏறி, வந்த வழியிலேயே பாதி தூரம் திரும்பி, ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிற ஆனேக்கல் கடைக்கே போகும்.

எத்தனை கிடங்கு, எங்கே, எந்தக் கடைக்கு எங்கிருந்து சரக்கு என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் எழுதுவது என் வேலை. குடியிருப்பது ஓசூரில், ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டியில், ஆகவே தினமும் இந்த எல்லையைத் தாண்டுகிறேன். பழைய நிறுவனங்களின் தரவு கைக்கு வரும்போதெல்லாம் ஒரு விஷயம் கண்ணில் படும். மாநிலத்துக்கு ஒரு கிடங்கு. கேரளத்துக்கு ஒன்று, ஆந்திரத்துக்கு ஒன்று, கர்நாடகத்துக்கு ஒன்று. தூரம் எப்படி இருந்தாலும் சரி, விற்பனை எவ்வளவு இருந்தாலும் சரி, எண்ணிக்கை மாறாது. டீசல் செலவுக்கு மாநில எல்லை தெரியாது. வாடிக்கையாளரின் அவசரத்துக்கும் தெரியாது. அப்படியானால் இந்த வரைபடத்தை வரைந்தது யார்?

தமிழில் 'வரி' என்றால் கோடு என்றும் பொருள், அரசுக்குக் கட்டும் பணம் என்றும் பொருள். இந்தக் கேள்விக்கு விடை இரண்டும் சேர்ந்தது.

தொரப்பள்ளிக்காரர் போட்ட வரி

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு கிராமம். 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி அங்கே பிறந்தார். 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பதவியேற்றதும் அவர் எடுத்த முதல் பெரிய முடிவுகளில் ஒன்று மதுவிலக்கு. அதை 1937 அக்டோபர் 1 அன்று முதலில் அமல்படுத்திய இடம் அவர் வக்கீல் தொழில் பார்த்த சேலம் மாவட்டம். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அதற்குள் அடக்கம்.

கள்ளும் சாராயமும் கொண்டுவந்த கலால் வருமானம் மாகாண கஜானாவின் பெரிய தூண்களில் ஒன்று. அதை ஒவ்வொரு மாவட்டமாக இடித்துக்கொண்டே போனால் கூரை எதில் நிற்கும்? 1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் பொருள் விற்பனை மீது வரி போடும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. ராஜாஜி அதை எடுத்தார். 1939-ல் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. எல்லாப் பொருளுக்குமான பொது விற்பனை வரி இந்தியாவில் முதன்முதலாக அப்படித்தான் பிறந்தது. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் மற்ற மாகாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் வந்தன. சாராயக் கடையை மூடாத மாகாணங்களுக்கும் அந்த வருமானம் பிடித்துப்போயிற்று.

அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம். சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டும் ஒரே நாட்டின் மாநிலங்களாயின. ஒரு புதிய சிக்கல் முளைத்தது. ஒரு மாநிலத்தில் செய்த பொருளை இன்னொரு மாநிலத்தில் இருப்பவர் வாங்கினால் விற்பனை எங்கே நடந்தது? இரு மாநிலமும் கை நீட்டின. 1953-ல் யுனைடெட் மோட்டார்ஸ் வழக்கில், சரக்கு போய்ச் சேரும் மாநிலம் வரி போடலாம் என்றது உச்ச நீதிமன்றம். இரண்டே ஆண்டில், 1955-ல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் அதே நீதிமன்றம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. நாடாளுமன்றம் தலையிட்டது. 1956-ல் அரசியல் சாசனத்தின் ஆறாவது திருத்தம், அதே ஆண்டில் மத்திய விற்பனை வரிச் சட்டம்.

மாநிலங்களுக்கு இடையே நடக்கும் விற்பனைக்கு இனி மத்தியச் சட்டப்படி வரி; ஆனால் வசூலித்து வைத்துக்கொள்வது சரக்கு கிளம்பும் மாநிலம். 1957-ல் 1 சதவீதம். 1963-ல் 2, 1966-ல் 3, 1975-ல் 4. இந்த 4 சதவீதம் 2007 வரைக்கும் அசையாமல் நின்றது. மொழிவாரி மாநிலங்கள் பிறந்ததும் 1956-ல்தான். தேசப்படத்தில் ஒரு கோடும் கஜானாவில் ஒரு கோடும் ஒரே ஆண்டில் விழுந்தன.

இப்போது முதல் கணக்குக்குத் திரும்புவோம். 10,000 ரூபாய்ப் பொருளை ஓசூரிலிருந்து நேராக பெங்களூர் டீலருக்கு விற்றால் 400 ரூபாய் மத்திய விற்பனை வரி. பிறகு கர்நாடகத்துக்குள் அவர் விற்கும்போது உள்ளூர் வரி தனி, முதலில் கட்டிய 400 கழியாது. அதே பொருளை என் கம்பெனி என் கம்பெனிக்கே அனுப்பினால்? அது விற்பனையே இல்லை. ஓசூர் ஆலையிலிருந்து பெங்களூர் டெப்போவுக்கு வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சாமான் நகர்த்துவது மாதிரி. மத்திய வரி பூஜ்யம். டெப்போ நடத்தும் செலவு பொருளுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட 200 மிச்சம். 40 கிலோமீட்டரில் கிடங்கு வைப்பது முட்டாள்தனமாகத் தெரியும், வைக்காதவர்தான் நஷ்டப்பட்டார்.

பெயரில்லாத சரக்கு

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. என் துறைக்காரர்கள் பலருக்கு இது தெரியாது, வக்கீல்களுக்கும் ஆடிட்டர்களுக்கும் மட்டும் தெரியும்.

ஜாம்ஷெட்பூரில் லாரி செய்த டெல்கோ நாட்டின் பல மாநிலங்களில் ஸ்டாக்யார்டு வைத்திருந்தது. லாரிகள் அங்கே போய் நிற்கும், டீலர்கள் அங்கிருந்து எடுப்பார்கள். சரக்கு கிளம்பும் மாநிலமான பீகார், இது வெளிமாநில விற்பனைதான், வரி கட்டு என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1970-ல் வந்த தீர்ப்பின் சாரம் இதுதான்: ஆலையை விட்டுக் கிளம்பும்போது 'இந்த லாரி இன்னாருக்கு' என்று ஒதுக்கப்படவில்லை, ஸ்டாக்யார்டு போன பிறகே ஒதுக்கப்பட்டது, ஆகவே அது வெளிமாநில விற்பனை இல்லை.

நன்றாகக் கவனியுங்கள். வாடிக்கையாளர் கேட்டு, அவர் பெயரெழுதி அனுப்பிய சரக்குக்கு வரி. யாருக்கென்று தெரியாமல், அனுமானத்தில் அனுப்பிய சரக்குக்கு வரி இல்லை. கேட்டவருக்குக் கேட்டதைச் செய்து நேரே அனுப்புவதைத்தான் நல்ல சேவை என்று இன்றைய பாடப்புத்தகம் சொல்கிறது. நம் சட்டம் அதற்கு 4 சதவீதம் அபராதம் வைத்திருந்தது. சரக்கு பெயரில்லாமல் கிளம்ப வேண்டும், டெப்போவில் தூசி படியக் காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் ஒரு வாடிக்கையாளரைச் சந்திக்க வேண்டும்.

நாடாளுமன்றம் 1972-ல் 6ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. இது விற்பனை இல்லை, வெறும் இடமாற்றம் என்று நிரூபிக்கும் பொறுப்பு இப்போது வியாபாரியின் தலையில். நிரூபிக்கும் காகிதம் படிவம் எஃப். டெப்போ இருக்கும் மாநிலத்தின் வரித்துறையிடமிருந்து வாங்கி, ஒவ்வொரு மாதச் சரக்குக்கும் ஒன்று என்று, ஆலை இருக்கும் மாநிலத்தில் கொடுக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக்கு நெருக்கமான வழக்கும் உண்டு. 1980 முதல் ஓசூரிலும் ஆலை நடத்தும் அசோக் லேலண்ட், வெளிமாநிலங்களில் இருந்த தன் வட்டார விற்பனை அலுவலகங்களுக்கு வண்டிகளை அனுப்பிவந்தது. அங்கே வாங்கியவர்களில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் உண்டு. போக்குவரத்துக் கழகம் ஆர்டர் போட்ட பிறகுதானே வண்டி கிளம்பியது, அப்படியானால் இது விற்பனைதானே என்றது தமிழ்நாடு வரித்துறை. படிவம் எஃப்பை விசாரித்து ஏற்றுக்கொண்ட பிறகு, மோசடி, தவறான தகவல் போன்ற காரணம் இல்லாமல் மறுபடி கிளற முடியாது என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஒரு பஸ் சேசிஸ் சாலையில் ஓடும்போது அதன்மேல் ஒரு வாடிக்கையாளரின் பெயர் இருந்ததா இல்லையா என்பதற்காக எத்தனை வருஷம், எத்தனை வக்கீல்கள்!

ஓசூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பெங்களூர் ஓரத்தில் ஒரு சி அண்ட் எஃப் ஏஜென்ட்டிடம் பல ஆண்டு கணக்குப் பார்த்தவர். நான் என் வேலையைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். "தம்பி, கோடவுன்னா சரக்கு வைக்கிற எடம்னு நீங்க நினைக்கிறீங்க. எங்களுக்கு அது பில்லு மாத்துற எடம். அவசரம்னா சரக்கு எறங்கவே எறங்காது. வண்டி வாசல்ல நிக்கும், நான் பேப்பர மாத்திக் குடுப்பேன், போயிடும். ஆனா ஒண்ணு, மாசம் பொறந்தா எஃப் ஃபாரம் வாங்கணுமே, அந்தக் கவலதான் பெரிய கவல."

பரிசலின் அடி

கிடங்குத் திட்டத்தில் செலவும் சேவையும் எப்படி இழுத்துக்கொள்கின்றன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், பெரிய கணிதம் இல்லை.

நாலு மண்டபத்தில் நாலு கல்யாணம். எத்தனை பேர் வருவார்கள் என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. பந்தியில் 'தீர்ந்துபோச்சு' என்று சொல்லக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு மண்டபத்திலும் 40 இலைக்குக் கூடுதலாகச் சமைக்கிறார்கள். மொத்தம் 160. நாலு கல்யாணத்துக்கும் ஒரே சமையற்கூடம் என்றால்? ஒன்றில் கூட்டம் கூடினால் இன்னொன்றில் குறையும். 80 இலை கூடுதலே போதும். நாலின் வர்க்கமூலம் இரண்டு, அதனால் பாதி. கிடங்கிலும் இதேதான்: எதிர்பாராத தேவைக்கென வைக்கும் காப்புச் சரக்கு, கிடங்குகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். டேவிட் மைஸ்டர் 1976-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இதை வர்க்கமூல விதி என்கிறார்கள். ஒவ்வோர் இடத்தின் தேவையும் ஒன்றையொன்று சாராமல் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏறி இறங்கினால், 25 கிடங்கை 9 ஆக்கும்போது காப்புச் சரக்கு 40 சதவீதம் குறையும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் குவித்துவிடலாமே? முடியாது. கிடங்கு குறையக் குறையக் கடைக்கு ஓடும் தூரம் ஏறும், காத்திருக்கும் நேரமும் ஏறும். சேவையை உயர்த்துவதும் நேர்கோட்டில் போகாது. 100 முறைக்கு 95 முறை 'இல்லை' என்று சொல்லாமலிருக்க 165 பெட்டி காப்பு வேண்டுமென்றால், 99 முறைக்கு 233 பெட்டி வேண்டும். கடைசி நாலு படிதான் விலை கூடியது.

கிடங்குகளின் எண்ணிக்கையைக் கிடைமட்டத்திலும் மொத்தச் செலவைச் செங்குத்திலும் வைத்து வரைந்தால் ஒரு வளைவு வரும். ஒகேனக்கல் பரிசலைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி இருக்கும். இரண்டு ஓரமும் செங்குத்து, அடி தட்டை. அந்தத் தட்டையான அடிதான் முக்கியம். ஐந்து கிடங்குக்கும் எட்டு கிடங்குக்கும் மொத்தச் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. எங்கள் மென்பொருள் ஒரு எண்ணைச் 'சிறந்த விடை' என்று காட்டும். அதற்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய அதே செலவில் வேறு விடைகள் வரிசையாக நிற்கும். அதாவது, பரிசலின் அடியில் நிற்கும்போது செலவு எதையும் தீர்மானிப்பதில்லை. வேறேதோ ஒன்று தீர்மானிக்கிறது.

அந்த வேறேதோ ஒன்றாக இந்தியாவில் ஐம்பது ஆண்டுக்கும் மேல் இருந்தது மத்திய விற்பனை வரி. மெல்லத் தள்ளிவிட்டிருந்தால் பரவாயில்லை, பரிசலைச் செங்குத்து ஓரத்துக்கே கொண்டுபோய் நிறுத்தியது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கிடங்கு, ஒவ்வொன்றிலும் தனித்தனிக் காப்புச் சரக்கு. பெங்களூர் டெப்போவில் சரக்குத் தேங்கிக் கிடக்கும், 40 கிலோமீட்டரில் ஓசூர்க் கடைக்காரர் தமிழ்நாட்டு டெப்போவிலிருந்து வரும் லாரிக்காகக் காத்திருப்பார்.

ஜூஜூவாடியில் ஓர் இரவு

வரி இருந்தால் அதைக் காக்க ஒரு வாசல் வேண்டும். தமிழ்நாட்டின் வாசல் ஜூஜூவாடி. படிவங்களுக்குப் பஞ்சமில்லை. கர்நாடகம் பின்னாளில் அதை இணையத்துக்கு மாற்றி 'இ-சுகம்' என்று பெயர் வைத்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பெயர் எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரியவில்லை.

போதாக்குறைக்கு, இரு மாநிலமும் ஒரே நாளில் வரிமுறையை மாற்றவில்லை. 2005 ஏப்ரல் 1 அன்று கர்நாடகம் மதிப்புக் கூட்டு வரிக்குப் போயிற்று. தமிழ்நாடு 2007 ஜனவரி 1 அன்றுதான் போனது. நடுவில் 21 மாதம், எல்லைக்கு ஒரு பக்கம் ஒரு வரிமுறை, மறுபக்கம் இன்னொன்று.

கிருஷ்ணகிரிக்கார லாரி டிரைவர் ஒருவர் சொன்னார்: "ஜூஜூவாடில வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேப்பர எடுத்துட்டு ஓடணும் சார். ஒரு நாள் அரை மணில விட்ருவாங்க. ஒரு நாள் ராத்திரி பூரா அங்கயேதான். ஓனர் கேப்பாரு, நாப்பது கிலோமீட்டருக்கு ஏன்டா இவ்ளோ நேரம்னு. என்னத்தச் சொல்றது?"

அவர் சொன்ன 'ஒரு நாள் அரை மணி, ஒரு நாள் ராத்திரி பூரா' என்பதில் கிடங்குத் திட்டத்தின் மிக முக்கியமான பாடம் இருக்கிறது. தாமதத்தைவிட நிச்சயமின்மைதான் விலை கூடியது. ஒரு டெப்போவில் நாளொன்றுக்கு 100 பெட்டி விற்கிறது. லாரி எப்போதும் மூன்றாம் நாள் தவறாமல் வரும் என்றால் அதற்கேற்ப முன்கூட்டியே ஆர்டர் போட்டுவிடலாம். ஒன்றாம் நாளும் வரலாம், மூன்றாம் நாளும் வரலாம் என்றால் எப்போதும் 200 பெட்டியைச் சும்மா வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்த 200 பெட்டிக்கு வாடகை உண்டு, வட்டி உண்டு. கம்பெனிக் கணக்கில் அது 'காப்புச் சரக்கு' என்ற வரிசையில் ஏறிவிடும். டிரைவரின் இரவு எந்த வரிசையிலும் ஏறாது. வரிசையில் நின்ற லாரியும் ஒரு கிடங்குதான். கம்பெனி வாடகை தராத கிடங்கு, வாடகையைத் தன் தூக்கத்தில் கட்டியவர் டிரைவர்.

சுங்கம் தவிர்த்த பிறகு

வணிக வழியில் வாசல் வைப்பதும், பிறகு அதை எடுப்பதும் நமக்குப் புதிதில்லை. 1070-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நாடு நினைவில் வைத்தது. கம்பெனி ஆட்சியிலும் உள்நாட்டுச் சுங்கச் சாவடிகள் சரக்கை வழியெங்கும் நிறுத்தின. சென்னை மாகாணத்தில் அவை ஒழிந்தது 1844-ல். அடுத்த முறை 2017 ஜூலை 1. ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது, ஜூஜூவாடி வணிகவரிச் சாவடி வேலையிழந்தது.

இதைத் தமிழ்நாடு ஆவலோடு வரவேற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உற்பத்தி செய்யும் மாநிலத்துக்கு, சரக்கு கிளம்பும் இடத்தில் கிடைக்கும் வரி ஒரு சொத்து. ஜி.எஸ்.டி. சரக்கு போய்ச் சேரும் இடத்துக்கு வரியைக் கொடுக்கிறது. ஓசூரில் செய்து பெங்களூரில் விற்றால் மாநிலத்தின் பங்கு கர்நாடகத்துக்கு. 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது. ஐந்தாண்டு இழப்பீடு தருவதாகச் சட்டம் சொன்னது.

ஜி.எஸ்.டி.யில் ஒரு அழகான மாற்றம், அதிகம் பேசப்படாதது: கம்பெனி தன் டெப்போவுக்கு வெளிமாநிலத்தில் சரக்கு அனுப்பினாலும் இப்போது வரி உண்டு. ஆனால் அடுத்த விற்பனையில் அது கழிந்துவிடும். டீலருக்கு நேராக விற்றாலும் அதேதான். பெயர் எழுதிய சரக்கும் பெயரில்லாத சரக்கும் சட்டத்தின் முன் ஒன்றாகிவிட்டன. பரிசலைப் பிடித்திருந்த கை விலகியது.

உடனே வரைபடங்கள் மாற ஆரம்பித்தன. கிருஷ்ணகிரியைப் பாருங்கள். சென்னைச் சாலை, பெங்களூர்ச் சாலை, சேலம் சாலை மூன்றும் கூடும் ஊர். பெங்களூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், சென்னை 260, சேலம் 110. ராத்திரி ஏற்றினால் விடிவதற்குள் மூன்று பக்கமும் போய்ச் சேரலாம். பழைய சட்டத்தில் இங்கே வைத்த கிடங்கு பெங்களூர்க் கடைக்கு உதவாது. இப்போது உதவும். என் திரையில் ஜி.எஸ்.டி.க்குப் பிந்தைய கணக்கை ஓட்டினால் இந்த வட்டாரம் அடிக்கடி மேலே வருகிறது. ஆனால் பெங்களூருக்குள் பகலில் கனரக லாரிக்குக் கட்டுப்பாடு, சில்க் போர்டு சந்திப்பை நேரத்தில்தான் அளக்க முடியும், கிலோமீட்டரில் முடியாது. ஆகவே அத்திப்பள்ளி, ஹொஸ்கோட்டே, நெலமங்களா என்று நகரத்தின் ஒவ்வொரு வாயிலிலும் பெரிய பெரிய கிடங்குகள்.

எல்லோருக்கும் லாபம் என்று சொல்லிவிட முடியாது. மாநிலத்துக்கு ஒரு டெப்போ என்ற ஏற்பாட்டில் பிழைத்தவர்கள் உண்டு. சிறிய சி அண்ட் எஃப் ஏஜென்டுகள், எஃப் ஃபாரம் வாங்க அலைந்த குமாஸ்தாக்கள், சுமை இறக்கியவர்கள். நாட்டுக்கு வீண் செலவாக இருந்தது ஒருவருக்குச் சம்பளமாக இருந்தது. 25 கிடங்கு 9 ஆகும்போது வர்க்கமூல விதி சேமிப்பைச் சொல்லும், மூடிய 16 கதவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று சொல்லாது.

கணக்கில் வராத பத்தி

இன்னொரு விபரீதத்தையும் பார்க்கிறேன். வரி பிடித்திருந்த இடத்தை இப்போது 'சேவை' பிடித்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் டெலிவரி, அதே நாள் டெலிவரி, இப்போது பத்து நிமிஷம். பத்து நிமிஷத்துக்கு ஒன்பது கிடங்கு போதாது, நகரத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் சின்னக் கிடங்குகள் வேண்டும். வர்க்கமூல விதியைப் பின்னோக்கி ஓட்டுகிறோம். பரிசல் மறுபடியும் ஓரத்துக்கு வந்துவிட்டது, இந்த முறை வாடிக்கையாளர் பெயரைச் சொல்லி. கூடுதல் செலவில் ஒரு பங்கை முதலீட்டாளர் கட்டுகிறார். இன்னொரு பங்கை பைக்கில் பறக்கும் பையன் கட்டுகிறான், சாவடியில் டிரைவர் கட்டிய மாதிரியே.

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. அத்திப்பள்ளியில், எல்லையிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு பட்டாசுக் கடையும் அதோடு சேர்ந்த கிடங்கும் தீப்பிடித்தன. தீபாவளிக்காக வந்த சரக்கை இறக்கிக்கொண்டிருந்த நேரம். 14 பேர் அன்றே இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சீசன் வேலைக்குப் போன இளைஞர்கள். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன், ஜூலை 29 அன்று, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு இருந்த இடத்தில் நடந்த வெடிவிபத்தில் 9 பேர் இறந்தார்கள்.

திட்டமிடுபவரின் மொழியில் இவை 'பருவகாலத் தேவைக்காக வாடிக்கையாளருக்கு அருகில் வைக்கப்பட்ட சரக்கு'. பாடப்புத்தகப்படி சரியான முடிவு: பெருநகரம் பக்கத்தில், தேவை சில வாரத்துக்கு மட்டும், ஆகவே தற்காலிக இடம், தற்காலிக ஆட்கள். எங்கள் மாதிரிகளில் வாடகைக்கு ஒரு பத்தி இருக்கிறது, கூலிக்கு, டீசலுக்கு, வட்டிக்கு, தாமதத்துக்கு ஒவ்வொன்றுக்கும் பத்தி இருக்கிறது. கதவு எந்தப் பக்கம், உள்ளே எத்தனை பேர், வெளியே ஓட எவ்வளவு நேரம் என்பதற்குப் பத்தி கிடையாது. அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். சட்டம் எதையெல்லாம் எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு ஐம்பதாண்டுச் சாட்சி மேலே இருக்கிறது.

நான் இதை ஒழுக்கப் போதனையாகச் சொல்லவில்லை. பரிசலின் அடி தட்டையாக இருக்கிறது என்பது கணிதம். ஐந்துக்கும் எட்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், அந்த இடைவெளிக்குள் எதைத் தேர்ந்தாலும் கம்பெனி முழுகிவிடாது. நல்ல காற்றோட்டமும் அகலக் கதவும் இருக்கும் கிடங்கைத் தேர்ந்தெடுக்கலாம், ராத்திரி ஓட்டம் குறைவாக இருக்கும் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். 'கட்டுப்படியாகாது' என்ற சொல்லைக் கூட்டங்களில் கேட்கும்போதெல்லாம் நான் அந்த வளைவைத் திரையில் போட்டுக் காட்டுகிறேன். பல சமயம் கட்டுப்படியாகிறது.

எல்லை முழுக்க அழிந்துவிட்டதா என்றால், இல்லை. இரண்டு பொருளுக்கு அது அப்படியே இருக்கிறது. பெட்ரோல், டீசல் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விலை வேறு, எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் டேங்கை நிரப்பிக்கொண்டு லாரிகள் கோட்டைத் தாண்டுகின்றன. மற்றொன்று மது. அதன் வரியை எந்த மாநிலமும் விட்டுக்கொடுக்கவில்லை. 1937-ல் சேலம் மாவட்டத்துச் சாராயக் கடைகளை மூடியதால் விழுந்த பள்ளத்தை நிரப்பத்தான் விற்பனை வரி பிறந்தது. அந்த வரி எண்பது ஆண்டு கழித்து ஜி.எஸ்.டி.க்குள் கரைந்தது. மதுக்கடையோ திறந்திருக்கிறது, அரசே நடத்துகிறது, அதன் வருமானத்தில் மாநில கஜானா நிற்கிறது. தொரப்பள்ளிக்காரர் ஆரம்பித்த கணக்கு இன்னும் முடியவில்லை.